ஐந்து நிமிடச் சுற்று

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தினேன். ஆண்டைச் சரியாக எழுதினால் ஒரு மதிப்பெண், காரணத்தை எழுதினால் ஐந்து. முக்கால்வாசிப் பிள்ளைகள் ஆண்டை மட்டும் எழுதிவிட்டு, காரணத்துக்கு அரைப் பக்கம் வெள்ளையாக விட்டிருப்பார்கள். தெரியாமல் விட்டவர்களை மன்னித்திருக்கிறேன். தெரிந்தும் எழுதாமல் வைத்திருந்தவர்களை வகுப்பில் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். போன ஆடியிலிருந்து மார்கழி வரை நானும் அதே காரியத்தைத்தான் செய்தேன். என் கணவர் எந்தத் தேதியில் இறந்தார் என்று எல்லோருக்கும் சொன்னேன். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

அவர் கிணத்துக்கடவில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஒரு அறை, சுவரில் சாலைக் குறியீடுகளின் படங்கள், ஒரு கரும்பலகை, எல் போர்டு மாட்டிய இரண்டு கார்கள். காலையில் போனதும் கரும்பலகையில் கார்களின் சரித்திரத்திலிருந்தோ ரோடுகளின் சரித்திரத்திலிருந்தோ ஒரு தேதியை எழுதிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். அன்றைக்குப் பொருத்தமாக ஒன்றும் அகப்படாவிட்டால் முந்தின நாளுடையதே அப்படியே நிற்கும். ஆரம்பத்தில் என்னிடம்தான் தேதி கேட்டார். அசோகர் சாலையோரம் மரம் நட்டார் என்பதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்? பிறகு அவரே தேடிப்பிடித்தார். 1886 ஜனவரி 29, ஜெர்மனியில் முதல் காருக்கு உரிமை கேட்டு விண்ணப்பம் போட்ட நாள். அதைச் செய்தவருடைய மனைவி இரண்டு வருஷம் கழித்து, வீட்டுக்காரரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் அம்மா வீட்டுக்கு அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். இந்தக் கதையைப் பெண்கள் பேட்ச் வரும்போதெல்லாம் சொல்வார். ஸ்டியரிங்கைத் தொடவே பயப்படுகிற பெண்கள்கூட அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு ஏறி உட்காருவார்கள்.

அவருக்கு ரொம்பப் பிடித்த தேதி 1967 செப்டம்பர் 3. அதுவரை இடது பக்கம் ஓட்டிக்கொண்டிருந்த ஸ்வீடன் நாடு, அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு மொத்தமாக வலது பக்கம் மாறியது. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ரோட்டிலிருந்த வண்டியெல்லாம் நின்று, மெல்ல எதிர்ப்பக்கம் நகர்ந்து, ஐந்து மணி ஆகும்வரை அங்கேயே காத்திருந்ததாம். இதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும்.

“ஒரு நாடே நின்னுச்சு அம்மணி. ஒருத்தன் ஹாரன் அடிக்கலை.”

“அடிச்சாங்களா இல்லையான்னு நீங்க போய்ப் பாத்தீங்களாக்கும்?” என்பேன். அவருக்குக் கோபம் வராது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார், படித்தும் பிரயோஜனமில்லை என்பது போல.

எங்கள் ரோட்டின் தேதிகளையும் அதே பலகையில் எழுதுவார். பொள்ளாச்சி ரோட்டுப் புளியமரங்களில் பெயின்டால் நம்பர் போட்ட நாள், அவற்றை வெட்டிய நாள், நான்கு வழியாக அகலப்படுத்திய ரோட்டின் நடுத்தடுப்பு எங்கள் வீட்டுக்கு எதிரே வந்து சேர்ந்த நாள். அந்தத் தடுப்பு வந்த பிறகுதான் எங்களுக்குச் சிக்கல். வீடு ஊரைத் தாண்டி, ரோட்டின் வலதுபுறம் இருக்கிறது. ஊரிலிருந்து முறைப்படி வருகிறவர் இடதுபுறமாக வந்து, எதிரே தெரிகிற சொந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போய், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இடைவெளியில் திரும்பி, அதே தூரத்தை மறுபடி வர வேண்டும். மொபெட்டில் ஐந்து நிமிடச் சுற்று.

அந்த ஐந்து நிமிடத்தை எங்கள் பக்கத்தில் யாரும் சுற்றுவதில்லை. பால் வண்டி, தேங்காய் டெம்போ, பிள்ளைகளை ஏற்றிய ஆட்டோ எல்லாம் எதிர்த்திசையில் ஓரமாக ஊர்ந்து வரும். எங்கள் ஆட்களுக்கு மரியாதை அதிகம். எதிரே வேகமாக வருகிற கார்க்காரனுக்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டி, “ஊட்டுக்குத்தானுங்க போறேன்” என்பார்கள், அவனுக்குக் கேட்குமா என்று கவலைப்படாமல். வீட்டுக்குப் போகிறவனுக்கு ராங் சைடு கிடையாது என்பது இங்கே எழுதாத சட்டம். ஹைவே என்பது எங்கேயோ இருந்து எங்கேயோ போகிறவர்களுக்குப் போட்டது, வீட்டுக்குப் போகிறவனை அது ஒன்றும் செய்யாது என்று எல்லோரும் நிஜமாகவே நம்பினார்கள். நானும் நம்பினேன்.

அவர் மட்டும் சுற்றுவார். எதிர்ப்பக்கம் வீட்டைத் தாண்டும்போது இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். நான் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பேன். என் மாமியாருக்கு இதில் பெருமை சொல்லி மாளாது. “என்ற பையன் ஊட்டைத் தாண்டிப் போய்த்தான் ஊட்டுக்கு வருவான்” என்று வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்வார். மழையோ வெயிலோ அவர் சுற்றாமல் வந்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்குக் காற்று கடுமையாக இருந்தது. மாமியார் கோயமுத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். நான் போத்தனூரில் என் அக்காவைப் பார்த்துவிட்டு மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினேன். இரண்டு கையிலும் பை. வீடு பூட்டியிருந்தது. வழக்கமாக மீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒரு சாவி இருக்கும். அதுவும் இல்லை. இரண்டு சாவியையும் அவரே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தார். தலைவலி வேறு. பையில் தயிர்ப் பாக்கெட் ஒன்று உடைந்து புடவையெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது. போன் போட்டேன்.

“இதா கெளம்பிட்டேன்” என்றார்.

“சுத்திட்டு நிக்காதீங்க. அப்பிடியே நேரா வந்துருங்க. ஊரே வருது, நீங்க ஒருத்தர் சுத்தி வரலைன்னா ரோடு கோவிச்சுக்குமா?”

இன்றைக்கும் என் காதில் நிற்பது அதற்கடுத்த இடைவெளி. ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இருக்காது. ஸ்வீடன் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

“சரி அம்மணி, வாரேன்.”

வீட்டுக்கு முந்நூறு அடி முன்னால் நடந்தது. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் ஒரு வளைவும் வேலியும் மறைக்கும், அதனால் நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டதா என்று பிறகு போலீஸ்காரர் கேட்டார். காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது என்றேன், அது உண்மை. அங்கே இளநீர் விற்கிறவர்தான் ஓடிவந்து சொன்னார். மொபெட் எதிர்ப்பக்கமாக வந்தது, வெள்ளைக் கார் ஒன்று வேகமாக வந்தது, அடித்தது, நிற்காமல் போய்விட்டது. நம்பரைப் பார்க்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நர்ஸ் ஒரு கவரில் அவருடைய வாட்ச், உடைந்த போன், இரண்டு சாவிகள் ஆகியவற்றைப் போட்டுக் கொடுத்தார். சாயங்காலம் நான் அந்தச் சாவியில் ஒன்றால் கதவைத் திறந்து உள்ளே போய், மிச்சமிருந்த தயிர்ப் பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் வைத்தேன். கூட வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. கெட்டுப்போய்விடும் என்றுதான் வைத்தேன்.

அன்று ராத்திரிக்குள் இன்னொன்றும் செய்தேன். என் போனில் அவருடைய பெயருக்கு எதிரே அந்த அழைப்பு இருந்தது, நாற்பது விநாடி. கட்டைவிரலால் தள்ளி அழித்தேன். கல்வெட்டை உளியால் கொத்தி அழித்த அரசர்களைப் பற்றி வகுப்பில் ஆவேசமாகப் பேசியிருக்கிறேன். அவர்களுக்காவது கொஞ்சம் கை வலித்திருக்கும்.

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் தைக்கவில்லை. துக்கம் என்றால் ஒரு பெரிய பாரம் வந்து விழும் என்று நினைத்திருந்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படித்தான் இருந்தது. தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி. காரியமெல்லாம் முடிந்தது. சொந்தக்காரர்கள் நான் எப்போது அழுவேன் என்று காத்துக் காத்துக் களைத்து அவரவர் ஊருக்குப் போனார்கள். டிரைவிங் ஸ்கூலைப் பூட்டப் போனேன். பலகையில் அவர் கடைசியாக எழுதியது இருந்தது: 1914 ஆகஸ்ட் 5, அமெரிக்காவில் முதல் மின்சார சிக்னல் விளக்கு. அதற்கு நாற்பத்தைந்து வருஷம் முன்பே லண்டனில் கேஸ் விளக்கு சிக்னல் வைத்து அது வெடித்துவிட்டது என்று நான் அவரைத் திருத்தியிருந்தேன். அதனால்தான் ‘மின்சார’ என்ற சொல்லை இடையில் சின்னதாகச் செருகியிருந்தார். நின்று படித்தேன். ஒன்றும் ஆகவில்லை. கதவைப் பூட்டினேன்.

ஊர் சும்மா இருக்கவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் ராங் சைடில் வந்து செத்தார் என்பது சாதாரண விஷயமா? ஊர் முழுக்க அப்படித்தான் போகிறது, ஆனால் அவர் போனதற்கு மட்டும் காரணம் வேண்டியிருந்தது. சர்க்கரை குறைந்து தலை சுற்றியிருக்கும் என்றார்கள். குடித்திருப்பார் என்றார்கள், வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவரை. வீட்டில் ஏதோ பிரச்சினை, வேண்டுமென்றே போய் விழுந்துவிட்டார் என்றுகூட ஒருவர் சொன்னதாகப் பால்காரர் வந்து சொன்னார். சொன்னவரை விட்டுவிட்டுப் பால்காரரை மாமியார் வாங்கு வாங்கு என்று வாங்கினார்.

மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. அவர் தானாகவே ஒரு காரணத்தைக் கட்டி வைத்திருந்தார். மகன் சரியான பக்கத்தில்தான் வந்தான், அந்தக் கார் இடித்த இடியில் தடுப்பைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து விழுந்தான் என்று. இளநீர்க்காரர் கண்ணால் பார்த்ததைச் சொன்னபோது அவர் கடையில் இனி யாரும் இளநீர் குடிக்கக் கூடாது என்று மாமியார் வீட்டுக்கு வந்து உத்தரவு போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ படிச்சவ. சொல்லு அம்மணி, அப்பிடி நடக்குமா நடக்காதா?”

“நடக்குமுங்க அத்தை.”

வாரத்துக்கு இரண்டு தடவை கேட்பார். நானும் இரண்டு தடவை சொல்வேன். உண்மையைச் சொன்னால் அந்த வயதில் தாங்கமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மகனைக் கொன்றவள் கையால் சாப்பிடுகிறோம் என்று அவர் தட்டைத் தள்ளிவிடுவார் என்கிற பயம் மீதிப் பாதி. எனக்கு வேறு உணர்ச்சி எதுவும் இல்லாத அந்த மாதங்களில் பயம் மட்டும் நன்றாக இருந்தது.

மார்கழி பிறந்ததும் மாமியார் ஆனைமலைக்குப் போக வேண்டும் என்றார். மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைக்க. இங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆடு திருட்டுப்போனாலும், பங்காளி ஏமாற்றினாலும், போலீஸும் கோர்ட்டும் கைவிட்ட எதற்கும் அங்கே போய் மிளகாயை அம்மியில் அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிடுவார்கள். தப்புச் செய்தவன் உடம்பு அந்த மிளகாயாய் எரியும். தொண்ணூறு நாளில் தெரிந்துவிடும் என்பார்கள்.

“எனக்கு மணிக்கட்டு ஆகாது. நீதான் அரைக்கோணும்” என்றார்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். ஸ்கூல் காரில் ஒன்றை வீட்டில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். கற்றுக்கொடுப்பவர் உட்காருகிற இடதுபுற சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கிற கார் அது. மாமியார் முன்சீட்டில்தான் உட்காருவேன் என்றார். தெரியாமல் பிரேக்கை மிதித்துவிடுவோமோ என்று பயந்து, பொள்ளாச்சி வரை இரண்டு காலையும் சீட்டுமேல் மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். அவருடைய மகன் அந்த சீட்டில் உட்கார்ந்து எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது நான் எட்டு தடவை எஞ்சினை அணைத்துவிட்டேன் என்று, அன்றைக்குப் பின்சீட்டில் இருந்து பார்த்ததைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டிய இடம். ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

கோயிலில் கூட்டம். அம்மிகளுக்கு முன்னால் வரிசை. எங்கள் முறை வந்தபோது நான் உட்கார்ந்து மிளகாயைப் போட்டு அரைக்க ஆரம்பித்தேன். மாமியார் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகவே முறையிட ஆரம்பித்தார். நிற்காமல் போன கார்க்காரனைப் பற்றிச் சொல்வார் என்று நினைத்தேன். அவனைப் பற்றி ஒரு வார்த்தைதான். பிறகு குரல் உயர்ந்தது.

“என்ற பையன் தானா அந்தப் பக்கம் வந்திருக்க மாட்டான் தாயே. அவன அங்க வரவெச்சது எதுவோ யாரோ, எனக்குக் காட்டிக் குடுத்துரு. அது போதும்.”

ஆக, அவருக்கே தெரிந்திருந்தது. தடுப்பைத் தாண்டி விழுந்த கதையை அவரே நம்பவில்லை. என் கை குழவியின்மேல் நின்றுவிட்டது.

“நான்தானுங்க அத்தை.”

அவர் கண்ணைத் திறந்தார்.

“அன்னிக்கு ஊடு பூட்டியிருந்துச்சுங்க. சாவி அவருகிட்ட. சுத்தி வராதீங்க, நேரா வந்துருங்கன்னு நான்தான் போன்ல சொன்னேனுங்க.”

“அவன் என்ன சொன்னான்?”

“சரி அம்மணி, வாரேன்னாருங்க.”

“மாட்டேன்னு சொல்லலையா?”

“இல்லீங்க.”

“கொரல் நல்லாயிருந்துச்சா?”

“எப்பவும் போலத்தானுங்க இருந்துச்சு.”

பின்னால் தட்டோடு நின்றிருந்த ஒருவர், “ஏனுங்கம்மா, ஆச்சுங்களா?” என்றார். மாமியார் குனிந்து, அம்மியிலிருந்த விழுதை ஆகாத அந்த மணிக்கட்டாலேயே வழித்து எடுத்தார். நேராக நீதிக்கல்லிடம் போனார். அவர் உதடு அசைந்தது தெரிந்தது. யார் பெயரில் பூசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. என் பெயரில் என்றால் அது நியாயம்தான் என்று மட்டும் நினைத்தேன்.

காருக்குத் திரும்பி வந்தபோது பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். நான் வண்டியைக் கிளப்பினேன். ஆனைமலையைத் தாண்டினோம். பிறகு போனில் யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. கோயமுத்தூரிலிருக்கும் மகளைத்தான்.

“கண்ணு, கேட்டுக்கோ. உங்கண்ணன் தானா வரலை. குடியுமில்ல, சக்கரையுமில்ல, சாகப் போகவுமில்ல. உங்கண்ணி சாவி இல்லாம வெயில்ல நின்னிருக்கறா. சீக்கிரம் வாங்கன்னு கூப்புட்டிருக்கறா. சரின்னு ஊட்டுக்கு வந்திருக்கறான். அவ்வளவுதான் கண்ணு, ஊட்டுக்குத்தான் வந்திருக்கறான்.”

சிரித்தார். அழுதார். இரண்டும் சேர்ந்து மூக்கடைத்த குரலில் வந்தது. போனை வைத்துவிட்டு நெகமத்திலிருக்கும் தங்கையைக் கூப்பிட்டு, முதலிலிருந்து அதையே சொன்னார். பிறகு பால்காரரையும் கூப்பிட்டார். நான் ஐந்து மாதம் ஒளித்து வைத்திருந்தது, நான் ஓட்டும் காரின் பின்சீட்டிலிருந்து ஒவ்வொரு ஊராகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் ‘ஊட்டுக்குத்தான் வந்திருக்கறான்’ என்ற இடத்தில் அவர் குரல் தெளிந்தது. தாங்கமாட்டார் என்று நினைத்தேனே, அவரால் தாங்க முடியாமல் இருந்தது அது தெரியாமல் இருந்ததுதான்.

பொள்ளாச்சி நெருங்கும்போது போனை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“உன்மேல எனக்குக் கோவம் இருக்குது. இல்லைன்னு சொல்ல மாட்டேன்.”

“சரிங்க அத்தை.”

“அது இருந்துட்டுப் போகுது. ஆனா நீ அன்னிக்கே சொல்லியிருக்கோணும். ஊருகிட்டத்தான் நான் சண்டை போட்டேன். உள்ளுக்குள்ள நானே அவனச் சந்தேகப்பட்டுட்டேன் அம்மணி. என்ன கஷ்டமோ, நம்மகிட்டச் சொல்லாம வேணும்னேதான் போயிட்டானோன்னு. அஞ்சு மாசம், பெத்த பையன.”

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் வழக்கமான நெரிசல், நாலு பக்கமும் ஹாரன். அங்கே வைத்துத்தான் எனக்கு அழுகை வந்தது. வண்டியை நிறுத்த இடமில்லை. இரண்டாவது கியரில் அழுதுகொண்டே ஓட்டினேன்.